புல்லின் விலையும் பாதையின் விலையும்

அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் காவிரிப் படுகையின் சாலைகளில் செல்வோர், வைக்கோல் ஏற்றிய லாரிகளைக் காணாமல் இருக்க முடியாது. பக்கவாட்டில் பிதுங்கி, மேலே ஒரு மாடி உயரத்துக்கு எழும்பி, கயிறுகளால் இறுகக் கட்டப்பட்டு, அசைந்தசைந்து அவை செல்கின்றன. சில லாரிகள் வறண்ட மாவட்டங்களுக்குப் போகின்றன. சில மலைக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது மாபெரும் பாரம். ஆனால் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், அதே லாரி சிமெண்ட் மூட்டைகளைச் சுமக்கும்போது காட்டும் எடையில் ஒரு பகுதிதான் தேறும். வைக்கோல் வண்டியை எடையால் நிரப்புவதில்லை; இடத்தால் நிரப்புகிறது. எடை குறைந்துவிட்டது என்பதற்காக வண்டி வாடகை அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 300 கிலோமீட்டர் தொலைவுக்கு லாரி வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உதிரி வைக்கோலாக ஏற்றினால் 4 டன் பிடிக்கிறது என்றால், கிலோ ஒன்றுக்கு வண்டிக்கூலி 5 ரூபாய். எந்திரத்தால் அழுத்திக் கட்டுகளாக ஏற்றி, 8 டன் பிடிக்குமானால் கூலி 2 ரூபாய் 50 காசு. களத்தில் கிலோ 3 ரூபாய்க்கு வாங்கிய வைக்கோல், போய்ச் சேருமிடத்தில் ஒரு வகையில் 8 ரூபாய். மற்றொரு வகையில் 5 ரூபாய் 50 காசு. நாளொன்றுக்கு 6 கிலோ தின்னும் ஒரு பசுவை வைத்திருக்கும் ஏழைப் பெண்ணுக்கு, இந்த வேறுபாடு நாளுக்கு 15 ரூபாய். அவள் பாலில் கிடைக்கும் இலாபமே அவ்வளவுதான் இருக்கும்.

இக்கணக்கு நம் இல்லங்களுக்குத் தொலைவானதன்று. காலையில் நாம் வாங்கும் பாலிலும், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாம் வாங்கும் குர்பானிப் பிராணியிலும் இக்கூலி அடங்கியே இருக்கிறது. மாட்டின் விலையைப் பற்றிப் பேசுவோர் பலர். அது தின்னும் வைக்கோல் வந்த வழியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. புல்லின் விலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, உண்மையில் பாதையின் விலையே. அந்தப் பாதையின் விலையை வெவ்வேறு காலங்களில் யார் கொடுத்தார்கள், கொடுக்க இயலாதவரின் கால்நடை என்னவாயிற்று என்பதையே இக்கட்டுரையில் நாம் காண விரும்புகிறோம்.

குதிரை கடந்த கடல்

தமிழகத்துக் கடற்கரையை அரபு நாட்டவர் மஃபர் என்று அழைத்த காலத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படைக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்த செய்தி நம்மவர் நன்கறிந்ததே. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரப்படி, கைஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஃபருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்தார். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன்பே கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து மஃபருக்கும் கம்பாயத்துக்கும் அவற்றை அடுத்த துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் அவர் எழுதியுள்ளார். ஆக, ஆண்டொன்றுக்கு 22 இலட்சம் தீனார்!

இவ்வளவு பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் இங்கு எதைத் தின்றன? வஸ்ஸாஃப் வியப்போடு குறிப்பிடுகிறார்: இங்கே குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்ததாக எழுதுகிறார். இருவரும் இதனை நம்மவரின் அறியாமை என்றே கருதினர். நாம் அதனை வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்கலாம். 220 பொற்காசு பெறும் குதிரைக்குக் கப்பற்கூலி ஒரு பொருட்டன்று. ஆனால் அது தன் நாட்டில் தின்று பழகிய தீவனத்துக்கு அந்த மதிப்பு இல்லை. ஒரு குதிரை நிற்கும் இடத்தில் அடங்கும் உலர்புல், அது சில வாரம் தின்னத்தான் போதும். அந்த இடத்துக்குரிய கூலியைக் குதிரை தாங்கும், புல் தாங்காது. எனவே குதிரை கடல் கடந்தது. அதன் புல் பின்தொடரவில்லை. வந்த குதிரை இங்கிருப்பதைத் தின்றாக வேண்டியதாயிற்று.

மதிப்பு மிகுந்து இடம் குறைந்த பொருள்தான் நெடுந்தொலைவு செல்லும். முத்து சென்றது, மிளகு சென்றது, பட்டு சென்றது. மதிப்பு குறைந்து இடம் மிகுந்த புல், விளைந்த இடத்துக்கு அருகிலேயே கிடந்தது. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

சுமையைத் தின்னும் மாடு

எந்திரம் வருமுன் புல்லை ஏற்றிச் சென்ற வண்டியை இழுத்ததும் புல் தின்னும் பிராணிதான். ஒரு சோடி மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிலோ வைக்கோல் தின்னும் என்று கொள்வோம். வண்டியில் 500 கிலோ வைக்கோல். நாளுக்கு 20 கிலோமீட்டர் நடை. பத்து நாள் போய், பத்து நாள் திரும்பினால், அந்த மாடுகளே 280 கிலோவைத் தின்று தீர்த்திருக்கும். 200 கிலோமீட்டருக்கு அப்பால் விற்பதற்கு மிஞ்சுவது 220 கிலோ. இன்னும் இருமடங்கு தொலைவு சென்றால் வண்டி ஊர் போய்ச் சேருமுன் வெறும் வண்டியாகிவிடும்.

நம் நாட்டில் தானியத்தையும் உப்பையும் பொதிமாடுகளில் ஏற்றி நெடுந்தொலைவு சென்ற வணசாராக்கள், அதாவது இலம்பாடிகள், இக்கணக்கை நன்கறிந்திருந்தனர். ஆயிரக்கணக்கான மாடுகள் கொண்ட அவர்களின் கூட்டங்கள் மெதுவாக, வழிநெடுக மேய்ந்துகொண்டே நகர்ந்தன. வழியோரப் புல்லுக்கு விலை இல்லை. ஆகவே அவர்களின் சுமைகூலி குறைவாக இருந்தது. மழை பொய்த்து வழியோரப் புல் காய்ந்துபோன ஆண்டில், அவர்களின் மாடுகளும் நின்றன, தானியமும் நின்றது. அக்காலத்தில் பாதையின் விலையைப் புல் நிர்ணயித்தது. இக்காலத்தில் புல்லின் விலையைப் பாதை நிர்ணயிக்கிறது. இடையில் நிகழ்ந்த மாற்றமே எந்திரம்.

ஜெர்மனியில் தன் பண்ணையின் வரவு செலவை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த ஃபான் தூனென் என்ற நிலக்கிழார், 1826-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நகரத்தைச் சுற்றிலும் எந்தத் தொலைவில் எந்தப் பயிர் விளையும் என்பதை வண்டிக்கூலியைக் கொண்டே அதில் விளக்கினார். பாலும் காய்கறியும் விரைவில் கெடுவதால் நகரையொட்டிய முதல் வளையத்தில் அமையும். வைக்கோலும் உலர்புல்லும் கெடாத பொருளாயினும், வண்டிக்கூலியைத் தாங்கமாட்டாமையால் அவையும் அதே வளையத்தில்தான் அமையும் என்பது அவர் கண்ட முடிவு.

நீர்வழி இருந்த நகரங்கள் மட்டும் இவ்விதியிலிருந்து சற்றே தப்பின. 1890களில் இலண்டன் மாநகரில் ஏறத்தாழ 3 இலட்சம் குதிரைகள் இருந்தன. அவற்றுக்குரிய புல்லும் வைக்கோலும் எஸ்ஸெக்ஸ் முதலிய கீழ்ப்புற மாவட்டங்களிலிருந்து தேம்ஸ் ஆற்றில் பாய்மரப் படகுகளில் வந்தன. படகின் மேல்தளத்தில் ஒரு வைக்கோற்போரே எழுந்து நிற்கும். திரும்பிச் செல்லும்போது அப்படகுகள் நகரத்துக் குதிரைச் சாணத்தை எருவாக ஏற்றிக்கொண்டு அதே வயல்களுக்குச் சென்றன. போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை. ஆதலால் கூலி இரண்டிலும் பங்கிடப்பட்டது. திரும்பும் வண்டி வெறுமையாகத் திரும்புகிறதா, சுமையோடு திரும்புகிறதா என்ற இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது ஒரு பெருங்கடலையே கடக்கப்போகிறது.

தோல் போன பாதை

இரும்புப் பாதை வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் புல்லை அழுத்திக் கட்டும் எந்திரமும் வந்தது. இனி எங்கும் புல் போய்ச் சேரும் என்று எண்ணத் தோன்றியது. அந்த எண்ணத்துக்குச் சோதனையாக அமைந்தது 1899, 1900 ஆண்டுகளின் பெரும் பஞ்சம்.

குஜராத் அதுவரை பெரும் பஞ்சத்துக்குப் பழகாத வளமான பகுதி. காங்க்ரேஜ் முதலிய உயர்ந்த மாட்டினங்களுக்குப் பெயர் பெற்ற நாடு. 1899-இல் பருவமழை பொய்த்தது. விக்கிரம ஆண்டுக் கணக்கில் அது 1956. அதனால் அப்பஞ்சத்தை மக்கள் இன்றும் ஐம்பத்தாறின் பஞ்சம் என்ற பொருளில் 'சப்பனியா' என்றே வழங்குகின்றனர். மனிதருக்கு உணவுப் பஞ்சம் மட்டும் வந்திருந்தால், வெளியிலிருந்து தானியம் வந்திருக்கும், வரவும் செய்தது. ஆனால் அவ்வாண்டில் வந்தது புல் பஞ்சமும்கூட. மழை பெய்திருந்த தொலைவான காடுகளில் புல் அறுக்கப்பட்டது, அழுத்திக் கட்டப்பட்டது, சலுகைக் கட்டணத்தில் இரயிலில் அனுப்பப்பட்டது. ஆயினும் குஜராத்தின் மாடுகளில் மிகப் பெரும் பகுதி மடிந்தது.

பாதை இருந்தும் ஏன் மடிந்தன? காரணங்கள் பல. தானியத்துக்கே வேகன்கள் போதாத வேளையில், இடத்தை அடைக்கும் புல்லுக்கு வேகன் கிடைப்பது அரிது. அகமதாபாத்தில் அகலப்பாதை முடிந்து மீட்டர் பாதை தொடங்கிற்று. அதற்கப்பால் செல்லும் ஒவ்வொரு கட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி, மறு வண்டியில் ஏற்ற வேண்டும். அதன்பின் நிலையத்திலிருந்து சிற்றூருக்கு மாட்டு வண்டியில் போக வேண்டும். பசித்து எலும்பும் தோலுமான மாடுகளே தம் பசி தீர்க்கும் புல்லை இழுத்து வர வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் புல்லின் விலை ஏறும். மாட்டின் விலை இறங்கும். அரிசி விலை ஏறினால் மனிதன் நகையை விற்றும் உண்கிறான். ஆனால் மாட்டைக் காப்பாற்றும் புல்லின் செலவு அம்மாட்டின் விலையைத் தாண்டிவிட்டால், உடையவன் என்ன செய்வான்? வசதியுள்ளவன் கைப்பொருளைச் செலவிட்டு நான்கு மாடுகளையேனும் காப்பாற்றுவான். மழை வந்ததும் அவற்றின் விலை உயரும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு சோடி வைத்திருந்த ஏழை உழவன் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டான். அடுத்த மழை வந்தபோது அவனுக்கு நிலம் இருந்தது; உழுவதற்கு மாடு இல்லை.

அந்த ஆண்டுகளில் நாட்டின் தோல் ஏற்றுமதி பெருகியது என்பது வணிக வரலாறு காட்டும் துயரமான உண்மை. புல் வந்து சேர முடியாத அதே பாதையில் தோல் வெளியே போயிற்று. ஏனெனில் தோலுக்கு எடைக்கேற்ற விலை உண்டு. கூலியை அது தாங்கும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்று தோல் தொழிலோடு தொடர்புடைய குடும்பங்கள் நம் வாசகர்களில் பலர் இருக்கின்றனர். தோல் மலிந்த ஆண்டு நாட்டுக்கு எத்தகைய ஆண்டு என்பதை அவர்களின் மூத்தோர் அறிந்திருப்பர்.

பாதிக் கூலியை அரசு கொடுத்தால்

20-ஆம் நூற்றாண்டில் லாரி வந்தது. களத்திலிருந்து கொட்டில் வரை ஒரே வண்டி. இடையில் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. சுமையைத் தின்னும் மாட்டின் இடத்தை டீசல் பிடித்துக்கொண்டது. அன்று முதல் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் எங்கோ ஒரு தொழுவத்தில் புல் விலையும் ஏறுகிறது.

இதற்கு அண்மைக் காலச் சான்று ஆஸ்திரேலியா. 2018 ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அருகில் இருந்த புல் எல்லாம் தீர்ந்தபின், தொலைதூரப் புல்லைத் தேட வேண்டியதாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து, மரமில்லாத நல்லார்போர் சமவெளியைக் கடந்து, தொடர் லாரிகளில் புற்கட்டுகள் வந்தன. அவற்றில் பல, அங்குள்ள உழவர்கள் அறமாகக் கொடுத்தவை. இலவசமாகக் கொடுத்த புல்லுக்கும் வண்டிக்கூலி உண்டு. அதனைத் திரட்டுவதே அறப்பணியாளரின் பெரும்பாடாக இருந்தது. புல்லுக்கு விலையே இல்லாதபோதும் பாதைக்கு விலை இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அம்மாநில அரசு தீவன வண்டிக்கூலியில் பாதி வரை தானே ஏற்பதாக அறிவித்தது. பார்த்த மாத்திரத்தில் இது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் 2009-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு இத்தகைய கூலி மானியங்களைக் கைவிடுமாறு பரிந்துரைத்திருந்தது. வறட்சிக்கு முன்னேற்பாடு செய்துகொள்ளாமல் அளவுக்கு மிஞ்சிய மந்தையை வைத்திருப்பவருக்கே அது ஊக்கமாகும் என்பது அதன் கருத்து. மற்றொரு நுட்பமும் இங்கு உண்டு. விற்பதற்குப் புல் கொஞ்சமே இருந்து, வாங்குவோர் பலராயிருந்தால், வாங்குவோர் கையில் சேரும் மானியப் பணம் விலையை உயர்த்திவிட்டு, இறுதியில் புல் விற்பவர் கைக்கே போய்ச் சேரும். தொலைவில் புல் மிகுந்து கிடந்து, கூலி ஒன்றே தடையாக இருக்கும்போதுதான் மானியம் மாட்டின் வாய்க்குச் சேரும். அறம் செய்வோரும் ஆட்சி செய்வோரும் இவ்விரு நிலைகளையும் பிரித்தறிய வேண்டும்.

வெறுமையாய்த் திரும்பும் பெட்டகம்

இப்போது தேம்ஸ் நதிப் படகுகளை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வருவோம்.

நம் வேளாண்மைத் துறையினர் குதிரை மசால் என்று வழங்கும் தீவனப் பயிர் ஒன்று உண்டு. மேனாட்டார் அதனை அல்ஃபால்ஃபா என்பர். அந்தப் பெயரே அரபுச் சொல். பாரசீக மொழியில் குதிரைத் தீவனம் என்று பொருள்படும் ஒரு சொல், அரபியில் ஃபிஸ்ஃபிஸா என்றாகி, அரபியர் ஆண்ட ஸ்பெயினில் அல்ஃபால்ஃபா ஆயிற்று. ஸ்பானியர் அதனை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு சென்றனர். 1850களில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து அது கலிபோர்னியாவை அடைந்தது. விதைக்கு இடமும் எடையும் குறைவு. ஆதலால் விதை உலகைச் சுற்றியது. அதன் புல் மட்டும் விளைந்த இடத்திலேயே நின்றது.

அந்த நிலையும் நம் காலத்தில் மாறிவிட்டது. ஆசிய நாடுகளிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இரும்புப் பெட்டகங்களில் துணியும் விளையாட்டுப் பொருளும் மின்கருவிகளும் மலைமலையாகச் செல்கின்றன. திரும்பும்போது அப்பெட்டகங்களில் ஏற்றுவதற்குப் போதிய சரக்கு இல்லை. வெறும் பெட்டகத்தைத் திருப்பியனுப்புவதைவிட, குறைந்த கூலிக்கேனும் எதையாவது ஏற்றுவது கப்பல் நிறுவனங்களுக்கு நலம். அந்த இடத்தைப் புல் பிடித்தது. கட்டிய புல்லை மீண்டும் ஒருமுறை எந்திரத்தால் நெருக்கி, பெட்டகம் எடையாலும் நிறையும்படி செய்தார்கள். பீட்டர் கல்ப், ராபர்ட் கிளென்னான் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2012-இல் ஒரு வியப்பான உண்மையை எடுத்துக்காட்டினர். கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து அதே மாநிலத்தின் நடுப்பகுதிக்கு ஒரு டன் புல்லை லாரியில் அனுப்பும் செலவைவிட, லாங் பீச் துறைமுகத்திலிருந்து பெய்ஜிங் நகருக்குக் கப்பலில் அனுப்பும் செலவு குறைவு!

சில நூறு கிலோமீட்டர் தரைவழியைவிட, ஒரு பெருங்கடல் மலிவாகிவிட்டது. பாதையின் விலை தூரத்தைப் பொறுத்ததன்று. வண்டி எந்தப் பக்கம் வெறுமையாகப் போகிறது என்பதையும் பொறுத்தது என்பதை இது காட்டுகிறது.

அரபு நாடுகளும் இந்தப் புல்லை வாங்குகின்றன. சவூதி அரேபியா ஒரு காலத்தில் பாலைவனத்தின் ஆழத்திலிருந்து நீர் இறைத்துக் கோதுமையும் தீவனமும் விளைத்தது. அந்த நீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் தங்கியது. எடுத்தால் மீண்டும் ஊறுவதில்லை. இதனை உணர்ந்த அந்நாட்டு அரசு, பெரும் பண்ணைகளில் பசுந்தீவனம் விளைப்பதைப் படிப்படியாக நிறுத்த 2015 இறுதியில் முடிவெடுத்தது. ஆனால் பால் பண்ணைகளில் இலட்சக்கணக்கான பசுக்கள் நின்றன. அல்மராய் என்ற பெரும் பால் நிறுவனம் 2014-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஏறத்தாழ 9,800 ஏக்கர் நிலத்தையும், 2016-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,800 ஏக்கர் நிலத்தையும் வாங்கி, குதிரை மசாலை விளைத்துக் கப்பலேற்றியது.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் லஹ்ஸாவிலிருந்தும் கத்தீஃபிலிருந்தும் குதிரை கடல் கடந்து நம் கரைக்கு வந்தபோது, அதன் தீவனம் உடன்வர முடியவில்லை. இன்று அதே அரபு மண்ணுக்கு, உலகின் மறுகோடியிலிருந்து புல் கடல் கடந்து வருகிறது. அரபுப் பெயரைத் தாங்கியே வருகிறது. மனித ஆற்றலை எண்ணி வியக்கிறோம். ஆனால் வியப்போடு நின்றுவிடலாகாது. அரிசோனாவும் பாலைநிலமே. அங்கும் நிலத்தடி நீர்தான் புல்லாகிறது. அண்டைச் சிற்றூர்களின் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவதாக மக்கள் முறையிட்டனர். 2023 அக்டோபரில் அம்மாநில ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், அந்நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்த அரசு நிலத்தின் ஒப்பந்தம் ஒன்றை இரத்துச் செய்தார். கப்பற்கூலி குறைவாக இருந்ததால், ஒரு பாலைவனத்தின் வறட்சி மற்றொரு பாலைவனத்துக்குச் சென்றது.

மலிவான பாதை என்றும் மலிவாக இருப்பதும் இல்லை. 2021-இல் உலகெங்கும் பெட்டகத் தட்டுப்பாடு வந்தபோது, ஆசியச் சரக்கின் கூலி பன்மடங்கு உயர்ந்தது. புல் ஏற்றக் காத்திருக்கும் சில நாள்களும் நட்டமெனக் கருதிய கப்பல் நிறுவனங்கள், பெட்டகங்களை வெறுமையாகவே விரைந்து திருப்பின. கலிபோர்னியாவில் புல் தேங்கியது. வாங்கும் நாடுகளில் தீவன விலை ஏறியது. புல்லும் இருந்தது, பசுவும் இருந்தது, பாதை மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ரபதாவின் வாயில்

வரலாறு காட்டும் இந்நிலைகளுக்கு நம் முன்னோர் கண்ட வழி ஏதும் உண்டா என்று எண்ணும்போது, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்துச் செய்திகள் இரண்டு நம் நினைவுக்கு வருகின்றன.

ஒன்று, தானியம் பற்றியது. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் அரபகத்தைச் 'சாம்பல் ஆண்டு' எனப்படும் கொடிய பஞ்சம் வாட்டியது. எகிப்து இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தபின், நைல் நதியைச் செங்கடலோடு இணைத்த, தூர்ந்துபோன பழைய கால்வாயை அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தூர்வாரித் திறந்தார்கள். எகிப்தின் தானியக் கப்பல்கள் மதீனாவின் துறையான ஜார் வரை வந்தன. மதீனாவின் உணவு விலை எகிப்தின் விலையை ஒத்ததாயிற்று என்று தபரீயின் வரலாறு கூறுகிறது. விலையைக் குறைக்க ஆணை பிறப்பிக்கப்படவில்லை, பாதை திருத்தப்பட்டது, விலை தானே இறங்கிற்று.

மற்றொன்று, புல் பற்றியது. தானியத்துக்குக் கால்வாய் வெட்டலாம். அக்காலத்தில் புல்லை அவ்வாறு கொண்டுவர இயலாது. ஆகவே கால்நடை இருக்கும் இடத்திலேயே புல்லைக் காக்க வேண்டும். மதீனாவுக்குக் கிழக்கே ரபதாவில் பொதுக் கால்நடைகளுக்கென ஒரு மேய்ச்சல் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குக் காவலராக ஹுனை என்பவரை நியமித்தபோது கலீஃபா அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இதுதான்: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விட வேண்டும், பெரும் மந்தைகளை உடைய செல்வர்களான இப்னு அவ்ஃபின் கால்நடைகளையும் இப்னு அஃப்பானின் கால்நடைகளையும் விடக்கூடாது. அவர்களின் மந்தை அழிந்தால், அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் பயிரும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தாலோ அவன் தன் மக்களோடு கலீஃபாவின் வாயிலுக்கு வருவான்; அவனைக் கைவிட முடியுமா? பின்னர்ப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிது.

அந்த இருவரும் சாமானியர் அல்லர். சுவனத்து நன்மாராயம் பெற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும், பின்னாளில் கலீஃபாவான உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) அவர்களுமே அவர்கள். அவர்கள்பால் குறை கண்டதனால் அன்று. அவர்களால் தாங்க முடியும் என்பதனாலேயே அவர்களின் மந்தைகள் வெளியே நிறுத்தப்பட்டன. பஞ்ச காலத்தில் தொலைதூரப் புல்லுக்கு விலைகொடுக்க வல்லவர் யார், வல்லாதவர் யார் என்பதை அந்த ஆட்சி எண்ணிப் பார்த்திருந்தது. குஜராத்தில் 1899-இல் இல்லாமற்போனது இந்தக் கணக்குத்தான்.

நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. புல் பொதுவாயிருக்கலாம், அதற்குச் செல்லும் பாதை பொதுவாயில்லையென்றால் அப்பங்கு ஏட்டில்தான் இருக்கும். ஆகவே நம் காலத்துக்கு இரு கடமைகள் உண்டு. வைக்கோல் விளையும் இடத்திலேயே அதனை அழுத்திக் கட்டும் வசதியைப் பெருக்கி, ஒவ்வொரு வண்டியும் இருமடங்கு சுமக்கும்படி செய்வது ஒன்று. நல்ல மழை பெய்த ஆண்டிலேயே வறண்ட ஊர்களின் அருகே பொதுத் தீவனக் கிடங்குகளை நிரப்பி, பாதை ஏறும் காலத்தில் பாதையே தேவைப்படாமல் செய்வது மற்றொன்று. அக்கிடங்கின் வாயிலில் முதலில் யாரை விடுவது என்ற கேள்வி எழுமானால், விடை ரபதாவில் முன்பே சொல்லப்பட்டுவிட்டது: ஒரு பசுவோடு வருபவளை முதலில் விட வேண்டும்.